மூன்று நாளும் அறுபது நாளும்



குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவில் இரண்டு கெடுக்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பாதிக்கப்பட்ட பெண் மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்தால், சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். அந்த விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் மனுவை முடித்துவைக்க மாஜிஸ்திரேட் முயல வேண்டும். நான் இங்கே பேச வந்தது இந்த இரண்டைப் பற்றித்தான். சட்டத்தில் எத்தனையோ நல்ல பிரிவுகள் இருக்கின்றன. ஆனால் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நல்ல பிரிவுகள் எல்லாம் இந்த மூன்று நாளிலும் அறுபது நாளிலும்தான் உயிர் வாழ்கின்றன. அந்தக் கெடு தவறினால் அவளைப் பொறுத்தவரை சட்டமே தவறிவிட்டது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நம் கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கை அப்படி. பொழுது விடியும் முன்பே ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டுகிற நேரத்துக்கு வீடு திரும்பும் பெண்கள் இங்கே எத்தனை பேர்! திராட்சைப் பந்தலில், வாழைத் தோப்பில், நெல் வயலில் குனிந்து நிமிரும் பெண்கள் எத்தனை பேர்! இவர்களுக்கு ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் ஒரு நாள் சம்பளம் கிடையாது. வழக்கு ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. கம்பத்திலிருந்து மாவட்டத் தலைநகரான தேனிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பஸ் செலவு தனி. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கவலை தனி. ஆறு வாய்தா, ஏழு வாய்தா என்று இழுத்தால் அந்தப் பெண் நீதி வேண்டாம் என்று முடிவு செய்வதில்லை. அவளால் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. அடித்தவன் பக்கம் காலம் நிற்கிறது. அந்தக் காலத்தைப் பிடுங்கி அடிபட்டவள் கையில் கொடுக்கத்தான் சட்டம் எழுதியவர்கள் கெடு வைத்தார்கள்.

இந்தச் சட்டம் ஆணை ஜெயிலில் தள்ளுவதற்கு வந்த சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவு அந்த வகை. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. அது குற்றவியல் வழக்கு, மூன்றாண்டு வரை தண்டனை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. அடிக்காதே என்று உத்தரவு போடுகிறது. வீட்டைவிட்டுத் துரத்தாதே என்கிறது. பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் செலவுக்குப் பணம் கொடு என்கிறது. பிள்ளை தற்காலிகமாகத் தாயிடம் இருக்கட்டும் என்கிறது. அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போட 23ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கூரை, சோறு, பிள்ளை, பயமில்லாத ராத்திரி, இவைதான் அது கொடுப்பவை. கணவன் ஜெயிலுக்குப் போவது பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான்: ஓராண்டு வரை சிறை, அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புருஷன் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அடி நின்றால் போதும் என்று நினைக்கிற பெண்கள்தான் நம் ஊர்களில் அதிகம். அவர்களுக்காகவே எழுதப்பட்ட சட்டத்தை அவர்கள் காதில் போடாமல் வைத்திருக்கிறோம்.

வன்முறை என்றால் என்ன என்பதையும் இந்தச் சட்டம் அகலமாகப் பார்க்கிறது. கை நீட்டுவது மட்டும் அல்ல. பிள்ளை பிறக்கவில்லை, ஆண் பிள்ளை பிறக்கவில்லை என்று குத்திக்காட்டுவது வன்முறை. அவள் சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை அவளுக்குத் தெரியாமல் விற்பது, வீட்டுச் செலவுக்குக் கொடுக்காமல் பட்டினி போடுவது பொருளாதார வன்முறை. மனைவியிடம் கணவன் செய்யும் பாலியல் வல்லந்தத்தைத் தண்டனைச் சட்டம் இன்றும் பாலியல் வன்கொடுமை என்று ஏற்கவில்லை. இந்தச் சட்டமோ பாலியல் கொடுமை என்று பெயர் சொல்லி நிவாரணம் தருகிறது. மனைவி மட்டுமா? தாய், சகோதரி, மகள், விதவையான அண்ணி எல்லோரும் மனுப் போடலாம். பென்ஷன் பணத்துக்காகப் பெற்றவளை அடிக்கும் மகன் மீதும் போடலாம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் இதன் நிழலில் வருகிறார்கள். பெற்ற பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, மூத்த தாரத்துப் பிள்ளை என்ற பேதம் இல்லை. பாதிக்கப்பட்டது பிள்ளை என்றால், அது படிக்கிற பள்ளிக்கூடத்துக்குள் நுழையக் கூடாது என்று கொடுமை செய்தவனுக்கு மாஜிஸ்திரேட் தடை போட முடியும்.

இது நம் ஊருக்கு அவ்வளவு அவசியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களிடம் கேட்டது. கணவனின் வன்முறைக்கு ஒருமுறையாவது ஆளானவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். இந்தியா முழுவதற்கும் சேர்த்து நூற்றுக்கு 29 பேர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. தொழில் வளர்ச்சியில், பெண் கல்வியில், பேருந்து வசதியில் முன்னால் நிற்கும் தமிழ்நாடு இந்த ஒன்றில் நாட்டின் சராசரியைவிடப் பின்தங்கிக் கிடக்கிறது. கேரளப் பெண்கள் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள் என்று சிலர் வாதிக்கலாம். கொஞ்சம் இருக்கலாம். ஆனால் சொல்லாமல் மறைப்பது நம்மிடமும் உண்டு. கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசத்தை அந்த ஒரு காரணத்தால் விளக்கிவிட முடியாது. அங்குள்ள ஆண்கள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடி என்பது குடும்பம் இருக்கும் இடமெல்லாம் தானாக இருக்கும் விஷயம் என்ற பேச்சு பொய் என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

குடிதான் காரணம், கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். மதுக்கடைக்கு எதிராகப் போராடும் பெண்களின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் அதே ஆய்வின் இந்திய அளவிலான கணக்கைப் பாருங்கள். அடிக்கடி போதையில் வரும் கணவன்மாரின் மனைவியரில் நூற்றுக்கு 70 பேர் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். குடியே தொடாத கணவன்மாரின் மனைவியரில்? நூற்றுக்கு 23 பேர். குடி கொடுமையைப் பெருக்குகிறது, சந்தேகமே இல்லை. அந்த 23 பேரை யார் அடித்தது? ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவன் அடித்திருக்கிறான். போதையில் தன் முதலாளியை அடிக்காதவன், தெருவில் போலீஸ்காரரை அடிக்காதவன், வீட்டுக்கு வந்து மனைவியை மட்டும் அடிக்கிறான் என்றால், யாரை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்பது அவனுக்குப் போதையிலும் தெரிந்திருக்கிறது. கேட்க ஆள் வைப்பதுதான் சட்டத்தின் வேலை.

அடுத்த வாதம் இன்னும் உரக்க வருகிறது. பெண்கள் பொய் வழக்குப் போடுகிறார்கள், அப்பாவி ஆண்கள் அலைகிறார்கள் என்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய வாதம் இது. எந்தச் சட்டத்தையும் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது; அது 498ஏ வழக்குகளைப் பற்றி. நான் பேசும் சட்டத்திலோ மனுக் கொடுத்தவுடன் கைதே கிடையாது. அடிக்காதே என்ற உத்தரவால் அடிக்காத மனிதனுக்கு என்ன நஷ்டம்? இன்னொரு பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். அதே ஆய்வின்படி இந்திய அளவில், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர். யாரிடமும் உதவி கேட்காமல், ஒருவரிடமும் சொல்லாமலே இருந்தவர்கள் 77 பேர். சொல்லப்படாத உண்மைகள் இந்த அளவுக்குக் குவிந்து கிடக்கும் நாட்டில், பொய்யைப் பற்றி மட்டும் கவலைப்படுவது நியாயம் ஆகாது.

இனி, நம்மிடையே உள்ள பெரிய தடைக்கு வருகிறேன். சமாதானம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அடிபட்ட பெண் முதலில் போவது பிறந்த வீட்டுக்கு. அங்கே, அடிக்கிற கைதான் அணைக்கும், பொறுத்துப் போ என்கிறார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்கள் பேசுகிறார்கள். அதற்கும் பிறகு மகளிர் காவல் நிலையம். 1992இல் சென்னையில் தொடங்கி மாநிலம் எங்கும் பரவிய அனைத்து மகளிர் காவல் நிலையம் தமிழ்நாட்டின் பெருமை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நடப்பது என்ன? புகாருக்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது போடுகிறார்கள், கணவனை வரவழைக்கிறார்கள், இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்குகிறார்கள், இருவரையும் சேர்ந்து போங்கள் என்று அனுப்புகிறார்கள். அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு? அடுத்த வாரமே அவன் கை நீட்டினால், எழுதிக் கொடுத்ததை மீறினான் என்பதற்காக அவனைத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால் பிடிவாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. இரண்டும் தாள்தான். ஒன்று அவளை மறுபடியும் அடி வாங்க அனுப்புகிறது, மற்றொன்று அவன் கையைப் பிடிக்கிறது. புகார் கொண்டுவரும் பெண்ணிடம் இந்தச் சட்டத்தில் மனுக் கொடுக்கும் உரிமை உண்டு, இலவச வழக்கறிஞர் உண்டு, பாதுகாப்பு அலுவலர் உண்டு என்று சொல்வது காவலரின் கடமை என்று 5ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. எழுதி வாங்கி அனுப்புவது கடமை என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. சமாதானமே கூடாதா என்றால், அந்தப் பெண்ணே விரும்பினால் கூடும். ஆனால் கையில் உத்தரவை வைத்துக்கொண்டு பேசட்டும். வெறுங்கையோடு அவளை உட்கார வைத்துப் பேசுவதற்குப் பெயர் சமாதானம் அல்ல, சரணாகதி.

வீட்டைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்களில் வீடு பெரும்பாலும் மாமனார் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருக்கும். கணவனுக்குச் சொந்தமில்லாத வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பதினான்கு வருஷம் அந்தத் தீர்ப்பைக் காட்டியே பெண்களைத் தெருவில் நிறுத்தினார்கள். 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று தள்ளிவிட்டது: குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனாருக்குச் சொந்தமாக இருந்தாலும் மருமகள் குடியிருக்கும் உரிமை கேட்கலாம். சொத்தில் பங்கு தருகிற தீர்ப்பு அல்ல இது. சட்டத்தின் வழியைத் தவிர வேறு வழியில் அவளை வெளியே தள்ளக் கூடாது என்பதுதான். 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. 1989இல் தமிழ்நாடு மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. அந்த வழியில் வந்த மாநிலத்தில், மருமகள் தலைக்கு மேல் கூரை என்பது பெரிய கோரிக்கையா?

இதே மாதிரி வேறு சில கதவுகளையும் நீதிமன்றம் திறந்துவிட்டிருக்கிறது. ஓராண்டு கடந்துவிட்டது, இனி மனுக் கொடுக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளிய ஒரு வழக்கில், நிவாரணம் கேட்கும் மனுவுக்கு அந்தக் காலவரம்பு பொருந்தாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாமலே நேராக மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் என்று அடுத்த மாதமே இன்னொரு தீர்ப்பு வந்தது. திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு, அடி தாங்காமல் சின்னமனூரில் தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண் திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். இங்கே உத்தமபாளையத்தில் போட்ட உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். மலை ஏறி இடுக்கி ஜில்லாவுக்குப் போய்விட்டால் தப்பிவிடலாம் என்று எவனும் நினைக்க வேண்டாம்.

கதவுகள் திறந்திருக்க, உள்ளே கூட்டிப்போக ஆள் இல்லை. அங்கேதான் அரசின் குற்றம் இருக்கிறது. மனு எழுத, மருத்துவமனைக்கு அழைத்துப் போக, அறிக்கை தர, தங்க இடம் பார்க்க, பணம் கொடுக்கும் உத்தரவு நிறைவேறுகிறதா என்று கவனிக்கப் பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியைச் சட்டம் உண்டாக்கியது. மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் அவரை உட்கார வைத்தால் தேனி, பெரியகுளம், போடி, ஆண்டிபட்டி, உத்தமபாளையம் என்ற ஐந்து வட்டத்தையும் அவர் எப்படிப் பார்ப்பார்? விடியும் முன் ஜீப் ஏறும் பெண், தேனியில் அலுவலக நேரத்தில் அவரை எப்படிச் சந்திப்பாள்? இது நான் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டு, ஆறு வாரக் கெடுவும் வைத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்து பத்தொன்பதாம் ஆண்டில், ஆட்களைப் போடுங்கள் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது வெட்கக்கேடு. நிதி இல்லை என்று சொல்லாதீர்கள். அடிபட்ட பெண்ணின் மருத்துவச் செலவு, அவள் இழந்த கூலி, படிப்பை நிறுத்திய பிள்ளை, எல்லாச் சுமையும் இன்று அவள் தலையில் இருக்கிறது. அரசு தன் பங்கை ஏற்கட்டும்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, வேண்டுகோள் இதுதான். அடுத்த கிராம சபையில் எழுந்து நில்லுங்கள். உத்தமபாளையத்தில் தனிப் பாதுகாப்பு அலுவலர் உட்கார வேண்டும், வாரத்தில் ஒரு நாளாவது மாலை நேரத்தில் மனு வாங்க வேண்டும், இந்தச் சட்டத்தில் வந்த மனுக்கள் எத்தனை, அறுபது நாளில் முடிந்தவை எத்தனை என்று மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு ஆண்டும் வெளியிட வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் நீங்களே தகவல் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர் மேல் எந்த வழக்கும் வராது என்று 4ஆம் பிரிவு காப்புத் தருகிறது. பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே உங்கள் போனில் பதிந்துகொண்டு வீட்டுக்குப் போங்கள்.