சின்ன பாட்டிலுக்குள் ஒரு மூட்டை இலை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நம் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் இதே இடத்தில் உள்கடன் வசூல் பற்றிப் பேசினோம். இந்த மாதம் நம் வீட்டு அலமாரியில் இருக்கிற தைல பாட்டிலைப் பற்றிப் பேசப் போகிறோம். "அதுல பேச என்னங்க இருக்கு, பாட்டி காலத்திலிருந்து தேய்க்கிறதுதானே" என்று சிலர் சிரிக்கிறீர்கள். முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

நம் உறுப்பினர் ஒருவருடைய ஒன்றரை வயதுக் குழந்தைக்குச் சளி. ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் கொடுத்த நீலகிரித் தைலம் வீட்டில் இருந்தது. மாமியார் பேரனுக்குத் தேய்த்துவிடலாம் என்று பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வெந்நீர் எடுக்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் குழந்தை பாட்டிலை வாயில் கவிழ்த்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. ஓடி வந்தவர்கள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "குழந்தை எதையாவது குடிச்சுதா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க, காய்ச்சல்தான்" என்றார் தாய். மாமியார் மேல் பழி விழுந்துவிடுமே என்ற பயம். குழந்தையின் வாயில் தைல வாசனை அடித்ததை நர்ஸ் கவனித்து மறுபடி கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் வீணாய்ப் போன அந்த நேரத்தை நினைத்தால் எங்களுக்கு இன்றும் பதறுகிறது.

தைலமும் இலையில் இருந்து வருவதுதானே, அது எப்படி இப்படிச் செய்யும்? இதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும். யூக்கலிப்டஸ் இலையைப் பெரிய கொப்பரையில் போட்டு ஆவியில் காய்ச்சி, அந்த ஆவியைக் குளிர வைத்து எண்ணெயைப் பிரிக்கிறார்கள். 100 கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய்தான் தேறும். அப்படியானால் நம் வீட்டு 100 மில்லி பாட்டிலுக்குள் ஒரு மூட்டை இலையின் சாரம் இருக்கிறது. இது நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் போல வழித்து ஊற்றுகிற எண்ணெய் அல்ல, துளிக் கணக்கில் அளக்க வேண்டியது. ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் வரலாம்.

கிராம்பு எண்ணெய், புதினா எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய், இப்போது கடைகளில் வாசனைக்காக விற்கிற எசென்ஷியல் ஆயில் எல்லாமே இந்த வகைதான். சாமிக்கு ஏற்றுகிற கற்பூரமும் அப்படித்தான். ஒரு கிராம் கற்பூரம் விழுங்கினால்கூடச் சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

அதற்காகத் தைலத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உபயோகிக்கிற முறையைத்தான் சொல்கிறோம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தைலம், கற்பூர எண்ணெய் எதுவும் வேண்டாம். நெஞ்சிலும் வேண்டாம், மூக்கில் கண்டிப்பாக வேண்டாம். சளிக்கு அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வெறும் சளி இல்லை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை வேகமாக மூச்சு விட்டாலே தாமதிக்கக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள்.

பெரியவர்கள் தேய்ப்பதானால் மூன்று டீஸ்பூன் தேங்காய் எண்ணெய்க்கு ஐந்தாறு துளி போதும். முதல் தடவை என்றால் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ எரிச்சலோ இருந்தால் அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. வலிப்பு நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் உபயோகிக்கக் கூடாது.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு ஆவி பிடித்தோம். கொதிக்கிற பாத்திரத்தின் முன்னால் குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்தால் உடம்பு வெந்துவிடும். இந்த எண்ணெய்கள் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்குப் பக்கத்திலும் பாட்டிலை வைக்காதீர்கள்.

எல்லாம் மீறி குழந்தை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்குச் சொல்வோமே, அதே காரணம்தான். வாந்தியில் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உப்புத் தண்ணீர், பால் எதுவும் கொடுக்க வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவியும் இரும்பும் வலிப்பை நிறுத்தாது. 108-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் பார்த்தால்தான் டாக்டருக்கு என்ன உள்ளே போனது, எவ்வளவு போனது என்று தெரியும்.

நம் தொழிலையும் இங்கே பேசியாக வேண்டும். சில குழுக்கள் கேனில் தைலம் வாங்கிச் சின்ன பாட்டில்களில் அடைத்து விற்கிறீர்கள். பழைய இருமல் மருந்து பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் அடைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். குழந்தை அதைக் குடிக்கிற பொருள் என்றுதான் நினைக்கும். புது பாட்டிலில் துளித்துளியாக விழும் மூடி போட்டு, பொருளின் பெயரும் "வெளி உபயோகத்திற்கு மட்டும், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்ற வரியும் ஒட்டுங்கள். நோய் தீரும் என்று சொல்லி மருந்தாகத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். "ஒரு லேபிளுக்கு ஒரு ரூபா ஆகுதுங்க" என்று ஒரு பிரதிநிதி சொன்னார். உண்மைதான். அந்த ஒரு ரூபாயை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தத் தாய் பொய் சொன்னது குழந்தை மேல் அக்கறை இல்லாமல் இல்லை. வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் காரணம். தேய்க்க வந்த பாட்டியும் பாசத்தில்தான் செய்தார். யார் செய்தது என்று பிறகு பேசிக்கொள்ளலாம். டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதை நம் மாமியார், மருமகள், வீட்டுக்காரர் எல்லோரிடமும் இன்று இரவே பேசி வையுங்கள்.

அந்த மாமியார் இப்போது எங்களோடு கிராமக் கூட்டங்களுக்கு வருகிறார். நாங்கள் பேசி முடித்ததும் எழுந்து, "நான்தானுங்க பாட்டிலைத் திறந்து வெச்சுட்டுப் போனவ" என்று அவரே சொல்கிறார். நாங்கள் சொல்வதைவிட அதைத்தான் பெண்கள் கேட்கிறார்கள்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டில் தைலம், கற்பூரம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். உயரமான, பூட்டுகிற இடத்துக்கு மாற்றியாயிற்றா என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த மாதம் வரும்போது நாங்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம்.