சொந்தக் கப்பலும் சொந்தக் கடையும்

(சங்கத்தின் வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

"கல்வியும் தொழிலும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். அது கடல்போல் விரிந்த பொருள். நான் அதில் ஒரு துறையில் மட்டும் இறங்க எண்ணுகிறேன். நம் மக்கள் ஆக்கும் பொருளை விற்பதற்கு, இணையத்தில் நமக்கென ஒரு கடையை, நம் பொறுப்பிலுள்ள கணினியில், நாமே நிறுவிக்கொள்வது ஏன், எவ்வாறு என்பதே நான் சொல்லவந்த செய்தி.

நாம் வாழும் கரை முத்துக்குளித்த கரை. மூச்சடக்கி மூழ்கியவன் சிப்பியை எடுத்தான். கரையில் ஏலம் கேட்டவன் விலையைச் சொன்னான். இக்கடலின் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. குளிப்பு நின்றது; வழக்கம் நிற்கவில்லை. உப்பளத்து வெயிலில் நிற்பவரும், பனையோலைப் பெட்டி முடைபவரும், கருவாடு உலர்த்துபவரும் இன்றும் தம் பொருளுக்குத் தாமே விலை சொல்லும் நிலையில் இல்லை.

ஒரு கடை வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலேயே இதற்கு விடை உண்டு. அமெரிக்காவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்று 1917-இல் நாடு திரும்பிய அவர், பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது, தொழிலும் முடிந்தது. அறிவு குறையவில்லை, முயற்சி குறையவில்லை. பெயர் தெரிந்தது, அவ்வளவே. நம் ஊர்களில் தேநீர்க் கடையோ உணவுக் கடையோ வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இணையத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெயரைப் பார்த்தும் ஊரைப் பார்த்தும் ஒதுங்குவோர் அங்கும் இருப்பர். ஆயினும் ஒரு தெரு முகம் திருப்பிக்கொண்டால் கடையை மூட வேண்டிய நிலை அங்கு இல்லை. சென்னையில் இருப்பவரும் கோவையில் இருப்பவரும் நம் வாடிக்கையாளர் ஆகலாம்.

அப்படியானால் பெரிய இணைய அங்காடிகளில் பெயரைப் பதிந்து விற்கலாமே என்பீர்கள். விற்கலாம், தொடக்கத்தில் அது தவறன்று. ஆனால் அங்கே நாம் வாடகைக்கு இருப்பவர்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் கழிவு கொடுக்க வேண்டும். கணக்கை நிறுத்திவைக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, நம்மிடம் வாங்கியவர் யார் என்னும் பேரேடு அவர்கள் கையில் இருக்கிறது. பேரேடு யாரிடமோ கடை அவருடையது.

இந்தப் பாடத்தைத் தூத்துக்குடி நூறாண்டுகளுக்கு முன்பே கற்றது. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் அவரிடம் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் என்னும் கம்பெனியின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். வெள்ளையர் கம்பெனி நெருக்கியது. வாடகைக்குத் தந்தவர் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கொழும்பிலிருந்து வேறு கப்பல் பிடித்துச் சமாளித்த சிதம்பரனார், பிறகே 'காலியா', 'லாவோ' என்னும் சொந்தக் கப்பல்களைக் கொண்டுவந்தார். பிறர் கப்பலை நம்பிய வணிகம் பிறர் நினைத்தால் நிற்கும் என்பது முதற்பாடம். இதே கதையில் இரண்டாவது பாடமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இளைஞர்களே! நமக்குக் கப்பல் வாங்கப் பத்து இலட்சம் வேண்டாம். கட்டற்ற மென்பொருள் என்னும் கப்பல் விலையின்றிக் கிடைக்கிறது. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த இயக்கம் அது. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து மாற்றலாம், பிறர்க்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இவையே அதன் நான்கு உரிமைகள். படிக்காதே, தொடாதே என்று விலக்கி வைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் நாம். படித்துப் பார், மாற்று, அடுத்தவனுக்கும் கொடு என்று சொல்லும் ஓர் உரிமம் நமக்கு வெறும் சட்டத்தாள் அன்று. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கியது ஏன்? பிறர் ஏட்டில் இடம் கேட்டு நிற்கக்கூடாது என்பதற்காக அல்லவா?

இனி, கடையை நிறுவும் வழியைச் சுருங்கச் சொல்கிறேன்.

முதலாவது, கடைக்குரிய இணையப் பெயர். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியது இது. சங்கத்தின் பெயரிலேயே பதிய வேண்டும்.

இரண்டாவது, எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் கணினி. இதனையே சர்வர் என்பர். நம் அலுவலகத்திலேயே வைக்கலாம். ஆனால் மின்சாரம் நின்றால் கடையும் நிற்கும்; மாறாத இணைய எண்ணும் தனியே பெறவேண்டும். ஆகையால், மாத வாடகைக்குக் கிடைக்கும் சிறு சர்வர் ஒன்றில் தொடங்குவதே நலம் என்பது என் கருத்து. வாடகையைப் பழித்துவிட்டு வாடகைக்கே போகச் சொல்கிறானே என்று எண்ணாதீர்கள். இங்கே வாடகை துறைமுகத்துக்கு, தோணி நம்முடையது. ஒரு துறை ஒவ்வாவிடில் சரக்கோடும் பேரேட்டோடும் அடுத்த துறைக்குச் செல்லலாம்.

மூன்றாவது, மென்பொருள்கள். அடித்தளமாக டெபியன் அல்லது உபுண்டு. அதன்மேல் பக்கங்களை வழங்க அப்பாச்சி. கணக்குகளைச் சேமிக்க மரியாடிபி. இவற்றை இணைத்து இயக்கப் பி.எச்.பி. இவற்றின்மேல் கடை: வேர்ட்பிரஸ்ஸோடு சேர்ந்த வூகாமர்ஸ், அல்லது ஓப்பன்கார்ட், அல்லது நம் நாட்டு நொய்டாவில் உருவான பகிஸ்டோ. அனைத்தும் கட்டற்றவை. கணக்குத் தொகுப்புக்குத் தனிப் பயனர் பெயரும் வலுவான கடவுச்சொல்லும் இடுங்கள். வேண்டாத வாயில்களை எல்லாம் அடைத்துவிடுங்கள்.

நான்காவது, பூட்டு. வாங்குபவர் அனுப்பும் விவரத்தை இடையில் எவரும் படியாதிருக்கச் சான்றிதழ் வேண்டும். 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இதனை இலவசமாக வழங்குகிறது. அதன் ஆயுள் மிகுதியாகப் போனால் 90 நாள். தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அன்றே செய்துவிடுங்கள்.

ஐந்தாவது, பணம். வாங்குவோரின் வங்கி அட்டை எண்களை நம் கணினியில் ஒருபோதும் வைக்கக்கூடாது. பணம் பெற்றுத்தரும் நிறுவனத்தின் பக்கத்திலேயே அவை பதியப்பட வேண்டும். உணவுப்பொருள் விற்பதாயின் உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் சரக்கு சேவை வரிபற்றிக் கணக்கரைக் கேளுங்கள்.

இவ்வளவையும் ஒரு நாளில் முடித்துவிடலாம். கடினமானது அதற்குப் பிறகுதான் வருகிறது. கலப்பற்று அடைக்காத தோணி எவ்வளவு அழகாயிருந்தாலும் மூழ்கும். மஜென்டோ என்னும் புகழ்பெற்ற கடை மென்பொருளின் முதற்பதிப்புக்கு 2020 ஜூன் 30-உடன் பராமரிப்பு நிறுத்தப்பட்டது. பலர் மாறாமல் இருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் திருடர் புகுந்தனர். ஆகவே திருத்தம் வெளிவந்தவுடன் அதனை ஏற்றிக்கொள்வது கடைக்காரனின் கடமை.

படிகள் எடுத்து வைப்பதும் அத்தகைய கடமையே. கணக்கின் படி மூன்று இருக்கட்டும். அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது; தாமிரபரணிக் கரை ஊர்கள் நீரில் மிதந்தன. வீட்டுக்குள் இருந்த எந்தக் கணினி தப்பியது? 1995 ஆகஸ்டு 31-இல் கொடியங்குளத்தில் காவல்துறை நடத்திய வெறியாட்டத்தில் நம் பிள்ளைகளின் கடவுச்சீட்டும் கல்விச் சான்றிதழும் எரிக்கப்பட்டதையும் இம்மாவட்டம் மறக்கவில்லை. ஒரே இடத்தில் வைத்த ஆவணம் வெள்ளத்துக்கும் எளிது, தீக்கும் எளிது. எடுத்து வைத்த படியிலிருந்து கடையை மீண்டும் எழுப்ப முடிகிறதா என்பதை மாதம் ஒருமுறை செய்து பாருங்கள். எழுப்பிப் பாராத படி, படியே அன்று.

இனி, முன்னர் நிறுத்திவைத்த இரண்டாவது பாடம். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் ஆக்கியது. அவர்கள் இலவசப் பயணத்தோடு குடையும் கொடுக்க முன்வந்தனர். அதையும் தாங்கி நின்றது சுதேசிக் கம்பெனி. ஆனால் 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார், 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. சொந்தக் கப்பல் இருந்தும், அதன் சுமை முழுவதும் ஒருவர் தோளில் இருந்தமையால் வந்த வினை அது.

என் அனுபவமும் இதுவே. சில ஆண்டுகளுக்கு முன் மகளிர் குழு ஒன்றுக்கு இத்தகைய கடையை அமைத்துக் கொடுத்தேன். இணையப் பெயரை ஒரு தம்பியின் பெயரில் பதிந்தோம். கடவுச்சொற்கள் யாவும் அவனிடமே இருந்தன. அவனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது, போய்விட்டான். புதுப்பிக்கக் கோரிய அறிவிப்பு எவரும் திறவாத அஞ்சலுக்கு வந்து கிடந்தது. தீபாவளிக்கு முந்திய வாரம் கடை மறைந்தது. முடைந்த பெட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு அத்தாய்மார்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. குற்றம் அந்தத் தம்பியுடையதன்று. ஒருவனை மட்டும் பழக்கிய என்னுடையது.

ஆகவே இந்த வெள்ளிவிழாவில் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வீட்டுக்கொரு கடை வேண்டாம். சங்கத்துக்கு ஒரு கடை போதும். அதனைப் பேணும் முறையை நான்கு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். அவர்களுள் இருவரேனும் பெண்களாக இருக்கட்டும். கடவுச்சொற்களை எழுதி முத்திரையிட்டுச் சங்கத்தின் பெட்டகத்தில் வையுங்கள். ஒவ்வோராண்டும் அந்நால்வரும் புதியவர் ஒருவரைப் பழக்க வேண்டும் என்று தீர்மானம் இயற்றுங்கள். எழுத்தறிவித்தல் இச்சங்கத்தின் முதல் இருபத்தைந்து ஆண்டுப் பணி. எழுதியதை நம் கையிலேயே வைத்துக் காப்பது அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.

மூழ்கி எடுத்தவனே விலையும் சொல்லும் நாள் இக்கரையில் வரவேண்டும். அதற்கான பேரேட்டைத் திறக்க வேண்டியவர்கள், எதிரே அமர்ந்திருக்கும் இளைஞர்களாகிய நீங்கள்.