மூளைக்கு ஓய்வு வயது இல்லை

(ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் வாசகம்)



இன்று நான் கூலி உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. பஞ்சப்படியைப் பற்றியும் பேசப் போவதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவர் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்று சொல்லப் போகிறேன். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், காத்திருக்கிறேன்.

என் தகப்பனார் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் பகுதியில் 36 வருஷம் உழைத்தவர். எந்தக் கதிரில் நூல் அறுந்தது என்று அந்த இரைச்சலுக்கு நடுவிலும் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பார். ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் திண்ணையோடு சரி. பேச்சுக் குறைந்தது. பால் கணக்குக் கேட்டால், "உங்கம்மாவைக் கேள்" என்பார். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஓடாத யந்திரம் துருப்பிடிக்கும் என்று தெரிந்த குடும்பம்தான் எங்களுடையது. இருந்தும் அந்த மனிதரைச் சும்மா உட்கார வைத்தோம். தவறு எங்களுடையது.

அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் டெனிஸ் பார்க் என்ற பேராசிரியை ஒரு சோதனை நடத்தினார். அதன் முடிவு 2014-ல் வெளிவந்தது. 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களைப் பல குழுவாகப் பிரித்தார்கள். சில குழுவினர் மூன்று மாத காலம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், தங்களுக்குப் பழக்கமில்லாத புதிய வேலை கற்றார்கள். டிஜிட்டல் காமிராவில் படமெடுத்து அதைக் கம்ப்யூட்டரில் திருத்துவது ஒரு வேலை. துண்டுத் துணிகளைச் சேர்த்து விரிப்புத் தைப்பது இன்னொன்று. மற்றொரு குழுவினர் கூடிப் பேசினார்கள், சுற்றுலா போனார்கள், புதிதாக எதுவும் கற்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், புதிய வேலை கற்றவர்களுக்கு ஞாபக சக்தி கூடியிருந்தது. சும்மா கூடிப் பேசியவர்களுக்கு அந்த அளவு கூடவில்லை. கொஞ்சம் கஷ்டமான, புதிய விஷயமாக இருக்க வேண்டும். தெரிந்ததையே திரும்பத் திரும்பச் செய்தால் போதாது.

ஜப்பானில் மசாகோ வகாமியா என்ற அம்மையார். 1935-ல் பிறந்தவர். பாங்கியில் குமாஸ்தா வேலை. அறுபது வயதை ஒட்டித்தான் முதல் கம்ப்யூட்டரைத் தொட்டார். வயதான தாயாரைக் கவனிக்க வீட்டிலேயே இருக்க வேண்டிய நிலை. வெளி உலகத்தோடு பேச அந்தப் பெட்டி உதவியது. பிறகு கைப்பேசி விளையாட்டுகளைப் பார்த்தார். எல்லாம் வாலிபர்களின் விரல் வேகத்துக்குச் செய்தவை. எங்களைப் போன்றவர்கள் ஜெயிக்கும்படி ஒன்று செய்து கொடுங்கள் என்று கேட்டார். நீங்களே செய்யுங்கள் என்று பதில் வந்தது. செய்தே விட்டார்! 2017-ல், 81 வயதில், அங்கே பெண் குழந்தைகளுக்காகக் கொண்டாடும் திருவிழாவில் வைக்கும் பொம்மைகளை உரிய இடத்தில் வரிசையாக அடுக்கும் ஒரு விளையாட்டை எழுதி வெளியிட்டார்.

சரி, நம்மிடம் கம்ப்யூட்டருக்குப் பணம் ஏது என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானம் கற்கக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. நியூசிலாந்தில் டிம் பெல் என்ற ஆசிரியரும் அவருடைய சகாக்களும் காகிதம், சீட்டு, கயிறு இவற்றைக் கொண்டே அதைக் கற்றுத் தரும் முறையை உண்டாக்கியிருக்கிறார்கள். அது குழந்தைகளுக்காகச் செய்தது. நமக்கும் ஆகும்.

இப்பொழுதே பார்த்துவிடுவோம். வலது கையை முழங்கால் மேல் வையுங்கள். கட்டை விரலுக்கு 1. ஆள்காட்டி விரலுக்கு 2. நடு விரலுக்கு 4. மோதிர விரலுக்கு 8. சுண்டு விரலுக்கு 16. ஒவ்வொன்றும் முந்தியதற்கு இரண்டு மடங்கு. அழுத்திய விரலைக் கூட்டுங்கள்; அழுத்தாததை விட்டுவிடுங்கள். கட்டை விரலும் நடு விரலும் அழுத்தினால் 5. அதோடு மோதிர விரலும் சேர்ந்தால் 13. இப்படி ஒரே கையில் 31 வரை எண்ணலாம். இடது கைக்கு 32, 64, 128, 256, 512 என்று கொடுத்தால் பத்து விரலில் 1023 வரை எண்ணலாம். விரல் ஒத்துழைக்காதவர்கள் தரையில் ஐந்து கட்டம் போட்டுப் புளியங்கொட்டை வையுங்கள். கம்ப்யூட்டர் என்னும் யந்திரம் எண்ணுவதெல்லாம் இந்த முறையில்தான். அதற்குத் தெரிந்தது இரண்டே நிலை: உண்டு, இல்லை.

இது நெசவாளிக்குப் புதிதல்ல. தறியில் பாவு நூல் ஏறும், அல்லது ஏறாது. 1804-ல் பிரான்சில் லியோன் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைத் தறியில் மாட்டினார். துளை இருந்தால் நூல் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. அட்டை வரிசைதான் பூ வேலையை முடிவு செய்யும். அந்த ஜக்கார்டு பெட்டியைப் பட்டுத் தறிகளில் நம்மவர்களும் பார்த்திருப்பார்கள். இங்கிலாந்தில் பாபேஜ் என்பவர் 1830-களில் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கு அந்த அட்டையைத்தான் எடுத்துக் கொண்டார். தறிக் கொட்டகையில் பிறந்த யோசனை அது. நமக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. நம்பர் வரிசையில் அடுக்கிய 1000 சங்கச் சீட்டுகளில் ஒரு நம்பரைத் தேட வேண்டும். முதலிலிருந்து புரட்டினால் 1000 தடவையும் ஆகலாம். நடுவில் எடுத்துப் பாருங்கள். தேடும் நம்பர் அதைவிடப் பெரிதா, சிறிதா? ஒரு பாதி தள்ளுபடி. மீதியில் மறுபடியும் நடு. பத்துத் தடவைக்குள் சீட்டு கையில் இருக்கும். ஏன் பத்து என்பதை வீட்டில் யோசித்துப் பாருங்கள். விரல் கணக்கிலேயே விடை இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி முதலியோர் 1970-களில், நீங்கள் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானப் பாடமாக ஆராய்ந்தார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் சிறிய கோலம் பெரிய கோலமாக வளர்கிறதே, அந்த விதிகளை எழுதிக் காட்டினார்கள்.

ஆனால் பொய் சொல்ல மாட்டேன். இது மருந்தல்ல. மறதி நோய் வந்தவரை இது குணப்படுத்தும் என்று எவனாவது காசு கேட்டால் விரட்டுங்கள். லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை அமைத்த குழு 2024-ல் இந்த நோய்க்கு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, சிறு வயதில் படிப்பு இல்லாமை எல்லாம் அதில் உண்டு. ஆலை இரைச்சலில் காது போனவர்கள் இங்கே எத்தனை பேர்! காதைச் சோதித்துக் கொள்ளுங்கள், கண்ணாடி போடுங்கள், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுங்கள். அதோடு இதுவும்.

என் தகப்பனாருக்கு விரல் கணக்கைச் சொன்னபோது, "எனக்கு எதற்குடா பிள்ளை விளையாட்டு?" என்று கோபித்தார். நான் 21-ஐத் தப்பாகப் போட்டேன். வேண்டுமென்றே அல்ல, நிஜமாகவே தப்பினேன். சுண்டு விரலைப் பிடித்து அழுத்தித் திருத்தினார். இன்றும் மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறார். ஆனால் தெருப் பிள்ளைகள் நாலு பேர் சாயங்காலம் அவரிடம் கணக்குப் போட வருகிறார்கள். பால் கணக்கை அம்மாவிடமிருந்து வாங்கிக் கொண்டுவிட்டார்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே இடத்தில் கூடுவோம். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை எடுத்து வாருங்கள். பேரன் பேத்தி இருந்தால் அழைத்து வாருங்கள். வரிசை போடும் விளையாட்டுக்கு எட்டுப் பேர் வேண்டும்.