சிப்பாயின் சம்பளமும் சோறும்



"சிப்பாய்" என்னும் சொல் நம் மொழிக்கு வெளியிலிருந்து வந்தது. பாரசீக மொழியில் "சிபாஹி" என்றால் படைவீரன். ஹவில்தார், ஜமேதார், சுபேதார் ஆகிய பதவிப் பெயர்களும் அம்மொழியின் வழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தன. நமக்குப் படைச் சொற்களைத் தந்த அந்தப் பாரசீகம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய முறையில் ஒரு படையை அமைக்க முற்பட்டது. அதற்குப் பயிற்சி அளிக்கச் சென்றவர்களுள் ஒருவர், நம் சென்னைப் படையின் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த அதிகாரி என்பதைப் பலர் அறியார். இவ்விரு படைகளையும் ஒப்பிட்டு இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன். வெற்றி தோல்விகளை உங்கள் பாடநூல்கள் கூறும். நான் கூறப்போவது வீரனின் சம்பளம், உணவு, விடுப்பு ஆகிய மூன்றைப் பற்றியே.

இவை அற்பமான பொருள்கள் என்று எண்ணிவிடலாகாது. திருக்குறளில் "படைமாட்சி" என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆள் குறைந்து தேய்தலும், ஆறாத வெறுப்பும், ஏழ்மையும் இல்லாத படையே வெல்லும் என்னும் கருத்தை வள்ளுவர் அங்கே வைத்திருக்கிறார். வீரத்தைப் பாடியவர் வீரனின் வயிற்றையும் மறக்கவில்லை.

நான் வாழும் அணைக்கட்டுப் பகுதிக்கு வேலூர்க் கோட்டையும் ஆர்க்காடும் தொலைவல்ல. 1751-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டுக் கோட்டையை ராபர்ட் கிளைவ் சிறு படையுடன் காத்து நின்றார். முற்றுகை ஏறத்தாழ ஐம்பது நாள் நீடித்தது. உணவு குறைந்தபோது, சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சியே தங்களுக்குப் போதும் என்று நம் சிப்பாய்கள் கூறினராம். இக்கதை நெடுங்காலத்துக்குப் பின் சர் ஜான் மால்கம் எழுதியதன் வழியாகவே பெரிதும் பரவியது. ஆகவே இதை ஐயமற்ற செய்தியாகக் கொள்ளாமல், எச்சரிக்கையுடன் படித்தல் வேண்டும். ஆயினும் ஒன்று தெளிவு. சிப்பாயின் விசுவாசத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் சோற்றைப் பற்றியே பேசினார்கள்.

அக்காலத்தில் சிப்பாய் கம்பெனியை நாடியதற்குக் காரணம் யாது? கம்பெனியின் மீது அன்பு என்று கூற இயலாது. நாட்டரசர்களின் படைகளில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பது வழக்கம். கம்பெனியோ பெரும்பாலும் ஒழுங்காகக் கொடுத்தது. சென்னைச் சிப்பாயின் மாதச் சம்பளம் இரண்டு வராகன். அஃதாவது 7 ரூபாய். அந்தத் தொகைக்குள்ளேயே, அமைதிக் காலத்தில், அவன் தன் அரிசியையும் பருப்பையும் கடைத்தெருவில் வாங்கிக்கொள்ளல் வேண்டும். படை புறப்பட்டால் கூடுதல் படி உண்டு. ஆங்கிலேயர் அதனை "பட்டா" என்றனர். இன்றும் லாரி ஓட்டுநர் "பேட்டா" என்று கேட்டு வாங்குவது அச்சொல்லின் தொடர்ச்சியே. கடல் கடந்து சென்றால் உணவுப் பங்கீடும் சேர்ந்து கிடைக்கும்.

விடுப்பிலும் ஒரு வேறுபாடு இருந்தது. வங்காளப் படையின் சிப்பாய்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். விடுப்பு பெற்று அயோத்தி நாட்டுக் கிராமங்களுக்குச் சென்று திரும்புவார்கள். சென்னைச் சிப்பாயோ மனைவி மக்களுடன் படைக் குடியிருப்பிலேயே வாழ்ந்தான். படை இடம் பெயர்ந்தால் குடும்பமும் வண்டி கட்டிக்கொண்டு பின்தொடரும். எனவே அவனுக்கு நீண்ட விடுப்பின் தேவை குறைவு. ஆனால் தொலைதூரப் பணி வந்துவிட்டால் துன்பம் இரு மடங்கு.

இனிப் பாரசீகத்தைக் காண்போம். அங்கே பட்டத்து இளவரசர் அப்பாஸ் மிர்சா, தப்ரீஸ் நகரிலிருந்து ஆட்சி புரிந்தார். ருஷ்யாவுடன் நடந்த போர்களில் பழைய குதிரைப்படை பயன்படாமை கண்டு, ஐரோப்பிய முறையில் அணிவகுக்கும் காலாட்படையையும் பீரங்கிப் படையையும் அமைத்தார். முதலில் 1807-இல் பிரெஞ்சு நாட்டினர் வந்தனர். பின்னர், முன் சொன்ன அதே மால்கம் 1810-இல் தூதராகச் சென்றபோது, அவருடன் சென்னைப் பீரங்கிப் படையின் ஹென்றி லிண்ட்சேயும், பம்பாய்ப் படையின் சார்ல்ஸ் கிறிஸ்டியும் சென்றனர். லிண்ட்சே மிக உயர்ந்த உருவினர். அவர் பயிற்றிய பீரங்கிப் படை நற்பெயர் பெற்றது. கிறிஸ்டி 1812-இல் அஸ்லான்துஸ் போரில் உயிர் நீத்தார்.

பயிற்சி இருந்தது, துப்பாக்கியும் சீருடையும் இருந்தன. இல்லாதது ஒழுங்கான சம்பளமே. புதிய படைவீரனுக்கு "சர்பாஸ்" என்று பெயர். தலையைப் பணயம் வைப்பவன் என்பது அதன் பொருள். தலையைப் பணயம் வைத்தவனுக்குக் கூலி வந்து சேரும் வழி நேராக இல்லை. பணம் மாகாண வருவாயிலிருந்து மேலதிகாரியின் கைக்கு வரும். அங்கிருந்து கீழே இறங்கும்போது கைக்குக் கை குறையும். பிரிட்டன் 1814-இல் செய்த உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 2 லட்சம் தோமான் உதவித்தொகை தர ஒப்புக்கொண்டது. அயல் நாட்டின் பணத்தை நம்பி நின்ற அந்த ஏற்பாடும், 1828-இல் ருஷ்யாவிடம் பாரசீகம் தோற்றபின் முடிவுக்கு வந்தது.

சம்பளம் வராத வீரன் என் செய்வான்? விறகு வெட்டினான், கூலி வேலை செய்தான், கடைவீதியில் சிறு வாணிபம் செய்தான். விடுப்பு என்பதும் அங்கே திரிந்து போயிற்று. வீரனை ஊருக்கு அனுப்பிவிட்டு, அவன் பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு, அவனுடைய உணவையும் சம்பளத்தையும் அதிகாரி எடுத்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. ஏட்டில் ஆயிரம் பேர். களத்தில் அதற்கு எவ்வளவோ குறைவு. எதிரியின் பீரங்கி ஏட்டைப் பார்த்துச் சுடுவதில்லை அல்லவா?

1834-இல் நடந்த நிகழ்ச்சி இதற்குச் சான்று. மன்னர் பத் அலி ஷா அவ்வாண்டு இறந்தார். அரியணைக்கு உரிய முகமது மிர்சா தப்ரீஸில் இருந்தார். தலைநகர் டெஹ்ரானுக்குப் படையுடன் செல்லல் வேண்டும். ஆனால் வீரர்களின் சம்பளம் நிலுவையில் கிடந்தது. பிரிட்டிஷ் தூதர் காம்ப்பெல் பணம் கொடுத்து உதவினார். நிலுவை தீர்ந்தது, படை நடந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர், மீண்டும் பாரசீகம் வந்திருந்த நம் பழைய சென்னை அதிகாரி லிண்ட்சேயே. முகமது ஷா அரியணை ஏறினார். தன் வீரனுக்குத் தானே கூலி கொடுக்க இயலாத அரசு, அரியணைக்கே பிறரிடம் கடன்படுகிறது. இதனினும் தெளிவான பாடம் வேறு வேண்டுமோ?

இக்குறையை உணர்ந்தவர் 1848-இல் தலைமை அமைச்சரான அமீர் கபீர். நிலவரிக் கணக்கின்படி ஒவ்வோர் ஊரும் இத்தனை வீரர்களைத் தரல் வேண்டும் என்றும், அவர்கள் குடும்பத்தின் பராமரிப்பில் ஊருக்குப் பொறுப்பு உண்டு என்றும் முறை வகுத்தார். ஆனால் 1851-இல் பதவி இழந்து, மறு ஆண்டின் தொடக்கத்தில் கொல்லப்பட்டார். சீர்திருத்தம் அவருக்குப் பின் வலிமை குன்றியது.

அப்படியாயின் கம்பெனியின் முறை குற்றமற்றதோ எனின், அன்று. இரண்டு சான்றுகள் கூறுவேன். 1844-இல் சென்னையின் 47-ஆம் காலாட்படை சிந்து நாட்டுப் பணிக்காகப் பம்பாய் சென்றது. குறிப்பிட்ட படி கிடைக்கும் என்று சென்னையில் வாக்களித்திருந்தனர். அந்த வாக்கை மேலிடம் ஏற்கவில்லை என்பது பம்பாய் சேர்ந்தபின் தெரிந்தது. வீரர்கள் அணிவகுப்பிலேயே முரண்டு நின்றனர். சம்பளம் குறைவு என்பதற்காக அல்ல. சொன்ன சொல் மாறியதற்காக.

இரண்டாவது சான்று நம் வேலூரே. 1806 ஜூலை 10, விடியுமுன் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். சமயக் குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி மீசையைத் திருத்தல் வேண்டும், தோலால் ஆன சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை அணிதல் வேண்டும் என்பன ஆணைகள். முன்னரே மறுத்தவர்களுள் இருவருக்கு 900 கசையடி விதிக்கப்பட்டிருந்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து எழுச்சியை அடக்கினார். கொல்லப்பட்ட சிப்பாய்கள் பல நூற்றுவர். பின்னர் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் வாழும் நம் பகுதியில் தோலை இழிந்த பொருளாக யாரும் கருதார். தோல் மட்டுமே குற்றம் என்று கொள்ளலாகாது. ஒருவன் தலையில் எதை வைப்பது என்பதை அவன் மனம் அறியாமல் முடிவு செய்ததே குற்றம். கூலி கொடுத்ததால் அவன் மானத்தையும் வாங்கிவிட்டோம் என்று எண்ணினர். அந்த எண்ணத்துக்கு விலையாக இரு தரப்பிலும் உயிர்கள் போயின. இவ்வளவுக்குப் பின்னும் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் 7 ரூபாயாகவே நீடித்து, 1895-இல்தான் 9 ரூபாய் ஆயிற்று என்பதையும் நினைவிற்கொள்க. ஒழுங்காகக் கொடுத்தல் வேறு. நியாயமாகக் கொடுத்தல் வேறு.

ஆகவே நாம் அறிவது யாது? சம்பளம் உரிய நாளில் வருதல் வேண்டும். உணவு அளவு குறையாமல் கைக்குச் சேரல் வேண்டும். விடுப்பு உரிமையாக இருத்தல் வேண்டும், வாணிபப் பொருளாகிவிடலாகாது. கொடுத்த வாக்குப் பிறழலாகாது. இவை யாவும் இருந்தும் மதிப்பு இல்லையேல் பயன் இல்லை.

மாணவர்களே, உங்களுள் சிலர் படையில் சேரலாம். பலர் அலுவலகத்திலும் ஆலையிலும் தோல் பதனிடும் கூடத்திலும் பிறருடைய சம்பளப் பட்டியலில் கையெழுத்திடும் நிலைக்கு வரலாம். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு வீட்டின் அடுப்பு இருக்கிறது. ஒரு நாள் தாமதம் உங்களுக்கு ஒரு கையெழுத்து. அவ்வீட்டிற்கு ஒருவேளைச் சோறு. பாரசீகத்தின் படை களத்தில் தோற்குமுன் கணக்கேட்டில் தோற்றது. நீங்கள் எழுதும் கணக்கேடு எந்த மனிதனையும் தோற்கடிக்காததாக அமைக.