உறங்காத மூக்கு

குருநகர்க் கரையில் வள்ளங்கள் அணைந்ததும் மீன் கொள்ள வருபவர், செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பின்பு முகர்ந்தும் பார்ப்பார். மீன் பழுதடையும்போது எழும் அமீன் வாயு அவருக்கு உண்மையை உணர்த்திவிடும். ஆயினும் மூக்குக்கு ஒரு குறையுண்டு. மீன்வாடையிலே நெடுநேரம் நிற்பவருக்கு அவ்வாடை தோன்றாது. உறங்குபவரையோ எவ்வாடையும் எழுப்புமென்று நம்புவதற்கில்லை.

அடுக்களையிலே சமையல் வாயு புகுந்த பின்னர் இக்குறை உயிராபத்தாயிற்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல வீடுகளில் சமையல் வாயுவோடு தொடர்புடைய வெடிப்புகள் நிகழ்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உறங்காத மூக்கு ஒன்று உண்டா? உண்டு. அது வெள்ளீய ஒட்சைட்டினால் ஆனது.

வெள்ளீய ஒட்சைட்டு ஒரு குறைகடத்தி. அதன் நுண்டுகள்களைச் சேர்த்துச் சுட்டு, சிறு வெப்பமூட்டியினால் சில நூறு பாகை வெப்பத்தில் வைத்திருப்பர். காற்றிலுள்ள ஒட்சிசன் துகள்களின் மேற்பரப்பிற் படிந்து, இலத்திரன்களைக் கவர்ந்துகொள்ளும். ஆதலால் ஒரு துகளிலிருந்து மற்றொன்றுக்கு மின்னோட்டம் செல்வது அரிதாகும்; கடவையிலே படலை சாத்தியது போலாம். எரியக்கூடிய வாயு வந்தால், படிந்த ஒட்சிசனோடு அது சேர்ந்து அகன்றுவிடும். கவரப்பட்ட இலத்திரன்கள் மீளும், படலை திறக்கும், தடை குறையும். அக்குறைவே மணியை ஒலிக்கச் செய்கிறது.

1962இல் யப்பானிலே கியூஷு பல்கலைக்கழகத்துச் செயாமா நாக ஒட்சைட்டின் இவ்வியல்பை வெளியிட்டார். அதே ஆண்டில் தகுச்சி என்பார் வெள்ளீய ஒட்சைட்டு உணரிக்குக் காப்புரிமை கோரினார். 1968 முதல் அது பெருமளவிற் செய்யப்பட்டது.

எனினும் இவ்வுணரி வாயுவின் பெயரை அறியாது. தன்மேற் படிந்த ஒட்சிசன் குறைந்ததை மட்டுமே அறியும். மதுசார ஆவியும் அதனை ஏமாற்றலாம். கடனீரேரிக் காற்றின் ஈரமும் அதன் அளவை மாற்றும். ஆகவே மணி ஒலித்தால் ஆராய வேண்டியவர் மனிதரே. சமையல் வாயு காற்றினும் பாரமானது, நிலத்தையொட்டித் தேங்கும். எனவே உணரியைத் தாழவே பொருத்தல் வேண்டும். மணி கேட்டதும் மின்னாளியைத் தொடாது, வாயுவின் வாயிலை அடைத்து, கதவு யன்னல்களைத் திறந்து வெளியேறுதல் நன்று.

மீனைத் தெரிந்துகொள்ள வாங்குபவரின் மூக்கே போதும். அவர் உறங்கும் இரவிலே வீட்டைக் காக்க இச்சிறு ஒட்சைட்டுத் துண்டு விழித்திருக்கட்டும்.