சுரங்கத்து நீரும் நம் கிணற்று நீரும்

(வல்லக்கோட்டையில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், உழவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி வல்லக்கோட்டையில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். இங்கே சுரங்கம் ஏதும் இல்லை. ஆயினும், பூமிக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது, தோண்டினால் அது என்ன செய்யும் என்பதைத் தோண்டுவதற்கு முன்னரே கணித்தாக வேண்டிய கட்டாயம் சுரங்கத் தொழிலுக்கு உண்டு. கணக்குத் தவறினால் அங்கே உயிர் போகும். ஆகவே அவர்கள் கைக்கொள்ளும் முறையை நாமும் அறிந்துகொள்வது நலம்.

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருளும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்கள். 1961இல்தான் கரி கண்ணுக்குத் தென்பட்டது. மேல்மண்ணை அகற்றவே அத்தனை காலம் பிடித்தது. அதனினும் பெரிய தொல்லையோ கரிக்கு அடியில் காத்திருந்தது.

கரிப் படிவத்தின் கீழே நீர் நிறைந்த மணற்படுகை ஒன்று உள்ளது. அதன் நீர் மேலே எழ வழியின்றி அடைபட்டுக் கிடப்பதால், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டுகிறது. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 கிலோகிராம் அழுத்தம் தரும். அவ்வாறாயின் இது 60 முதல் 80 மீட்டர் உயர நீரின் பலமாகும். ஈரமண் நீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கனமுள்ளது. ஆதலால் 6 கிலோகிராம் அழுத்தத்தை அடக்க 30 மீட்டர் மண்பாரம் வேண்டும். பழுப்பு நிலக்கரியோ நீரைவிடச் சற்றே கனமானது. மேல்மண் முழுவதையும் வாரிவிட்டு 15 மீட்டர் கரியை மட்டும் விட்டுவைத்தால், அது 2 கிலோகிராம் அழுத்தத்தைக்கூடத் தாங்காது. சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் பொங்கிவிடும்.

எனவே சுரங்கத்தைச் சூழக் குழாய்க்கிணறுகள் அமைத்து, இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே வெட்டுகிறார்கள். எத்தனை கிணறு, எவ்வளவு இறைப்பு என்பதை ஊகத்தால் முடிவு செய்வதில்லை. முதலில் துளையிட்டு, எந்த ஆழத்தில் களி, எந்த ஆழத்தில் மணல், அதன் கனம் என்ன என்று பார்க்கிறார்கள். பின்னர் ஒரு கிணற்றை ஒரே அளவாக இறைத்துக்கொண்டே, அருகிலுள்ள துளைகளில் நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை நேரத்தில் இறங்குகிறது என்று அளக்கிறார்கள். படுகையின் வளத்தை இச்சோதனை காட்டிக் கொடுத்துவிடும்.

சீன நாட்டில் வேறொரு எளிய கணக்கும் உண்டு. அடிநீரின் அழுத்தத்தை, இடையிலுள்ள காப்புப் பாறையின் கனத்தால் வகுப்பார்கள். விடை ஓர் எல்லையைத் தாண்டினால் அபாயம். பாறை உடைந்து கிடக்கும் இடத்தில் அவ்வெல்லையை மேலும் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் 1984 ஜூன் மாதத்தில் அந்நாட்டின் பாங்கெஜுவாங் சுரங்கத்தில், மறைந்திருந்த ஒரு பாறைச் சரிவின் வழியே நிமிடத்திற்கு 20 லட்சம் லிட்டர் நீர் பாய்ந்து சுரங்கத்தையே மூழ்கடித்தது. நம் நாட்டில் 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் 370க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். அங்கே புகுந்தது பழைய சுரங்க வெட்டுகளில் தேங்கிக் கிடந்த நீர். நீர் தேங்கிய பழைய வெட்டை நெருங்குமுன் துளையிட்டுப் பார்த்தே முன்னேற வேண்டும் என்பது 1957ஆம் ஆண்டு விதிகளிலேயே இருந்தது.

நெய்வேலிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அச்சுற்றுவட்டாரத்தில் முன்பு தாமாகவே பொங்கி வழிந்த கிணறுகள் பலவற்றில் பிற்காலத்தில் மோட்டார் வைத்து இறைக்கும்படி ஆயிற்று. சுரங்க இறைப்பு மட்டுமே காரணம் என்பது முழு உண்மையாகாது. உழவர் இறைப்பும் அதில் சேர்ந்தது. எவ்வாறாயினும், ஓரிடத்தில் இறைத்தால் வேறிடத்தில் மட்டம் இறங்கும் என்பது உறுதி.

இனி நம் ஊருக்கு வருவோம். நம் வட்டாரத்தில் நெய்வேலியைப்போல் பரந்த மணற்படுகை இல்லை. ஓரிடத்தில் களிப்பாறை, ஓரிடத்தில் கடும்பாறை. நீர் பெரும்பாலும் சிதைந்த மேற்பாறையிலும் வெடிப்புகளிலுமே நிற்கிறது. ஆகவே ஐம்பது அடி தள்ளிப் போட்ட துளை வறண்டு போவதில் வியப்பில்லை. கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்போரைப் பழிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் துளை வறண்டபின் அவர்கள் கூலியைத் திருப்பித் தந்ததாகவும் நாம் கேள்விப்பட்டதில்லை. பூமியில் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளந்து பார்க்கும் கருவிமுறை அதனினும் மேலானது. அதுவும் சில வேளை பொய்க்கும்.

கிருத்திகை நாட்களில் முருகன் கோயிலுக்கு வரும் கூட்டத்திற்காக ஏரிக்கரையருகே புதிய ஆழ்துளைக் கிணறு வேண்டும் என்னும் தீர்மானம் இன்று உங்கள் முன் உள்ளது. தேவை நியாயமானதே. ஆயினும் அங்கே மூன்று உழவர்களின் பாசனக் கிணறுகள் உள்ளன. தீர்மானத்தை ஒரு மாதம் ஒத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்குள், ஏற்கெனவே அங்குள்ள பஞ்சாயத்துக் கிணற்றை ஒரு நாள் முழுதும் இறைத்து, அம்மூன்று கிணறுகளிலும் மணிக்கு ஒருமுறை மட்டத்தை அளப்போம். மட்டம் இறங்கவில்லையெனில் துளையிடலாம். இறங்கினால், இடத்தை மாற்றுவதா, ஏரியைத் தூர்வாரி நீரைக் கூடுதலாகத் தேக்குவதா என்பதை அவ்வுழவர்களையும் வைத்துக்கொண்டு பேசுவோம்.

அளவு நாடாவும் பதிவேடும் கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் முதல் அளவை எடுக்கப் போகிறோம். கிணற்றுக்காரர்கள் மூவரும் தவறாது உடன் வரவேண்டும்.