கம்பியில்லா விசைப்பலகை ஊமையானால்



என் குரல் உங்கள் வானொலிப் பெட்டிக்கு மின்காந்த அலைகளின் மீதேறி வருகிறது என்பதைப் பௌதிக வகுப்பில் படித்திருப்பீர்கள். மேசைக் கணினியின் முன்னே கம்பியின்றிக் கிடக்கும் விசைப்பலகையும், மவுஸ் என்று நாம் வழங்கும் சுட்டியும் அவ்வினத்தைச் சேர்ந்த அலைகளைக் கொண்டே கணினியோடு பேசுகின்றன. வேறுபாடு அலையின் நீளத்தில் இருக்கிறது. மத்திய அலை வானொலியில் அது சில நூறு மீட்டர். விசைப்பலகை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கோ ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. முன்னது ஊர்களையும் தோப்புகளையும் கடந்து வருகிறது. பின்னது, கணினியின் இரும்புப் பெட்டிக்குப் பின்னே செருகப்பட்ட சிறு ஏற்பியை எட்டுவதற்குள் பல வேளைகளில் தடுமாறிப் போகிறது.

இத்தகைய இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு. பலரும் செய்வது யாதெனில், கணினியை அணைத்துவிடுவது. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஒரு மாணவி கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அன்றே கடைசி நாள். நான்கு பக்கங்கள் முடிந்து ஐந்தாம் பக்கத்தில் விசைப்பலகை ஊமையாயிற்று. தகப்பனார் மின்பொத்தானை நோக்கிக் கையை நீட்டிவிட்டார். அருகிலிருந்த நான் தடுத்தேன். சுட்டி அசைந்துகொண்டுதான் இருந்தது. விண்டோஸ் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்னும் பகுதியில் திரையிலேயே தோன்றும் விசைப்பலகை ஒன்று உண்டு. அதைத் திறந்து, சுட்டியால் ஒவ்வோர் எழுத்தாய்த் தொட்டு, எஞ்சிய கட்டங்களை நிரப்பி, விண்ணப்பத்தை அனுப்பினாள். கோளாறு எங்கே என்று தேடியது அதன் பிறகுதான். சுட்டி ஊமையாகி விசைப்பலகை பேசுமாயின், டேப் விசையும் அம்பு விசைகளும் என்டர் விசையும் போதும், வேலையைச் சேமித்துவிடலாம்.

இனித் தேடும் முறைக்கு வருவோம். எதையும் தொடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டும் ஒருங்கே நின்றனவா, ஒன்று மட்டும் நின்றதா? பெரும்பாலான இணைகளில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஏற்பிதான் உண்டு. ஒன்று மட்டும் நின்றால் ஏற்பி நலமாக இருக்கிறது. குற்றம் நின்றுபோன கருவியிடம். அங்கே முதல் ஐயம் மின்கலத்தின் மீது. சுட்டி தன் வயிற்றிலுள்ள விளக்கை எரித்து மேசையைப் பார்த்துக்கொண்டே இருப்பதால், அதன் மின்கலம் விசைப்பலகையினுடையதைக் காட்டிலும் விரைவில் தீர்ந்துவிடும். மின்கலம் மாற்றியும் பயனில்லையேல், அதன் முனைகளைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா, அடியிலுள்ள சிறு பொத்தான் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மேசையின் மீது வைத்த சுட்டி அசையாதிருந்தால் அதன் மீது பழி போடாதீர்கள். கண்ணாடியில் அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு தாளை விரித்து வையுங்கள்.

இரண்டும் ஒரே கணத்தில் நின்றுபோயினவா? இரு கருவிகளின் மின்கலங்களும் ஒரே நொடியில் தீர்வது அரிது. ஆகையால் ஏற்பியைச் சந்தேகியுங்கள். அதைக் கழற்றி வேறொரு யூ.எஸ்.பி. துளையில் செருகுங்கள். அப்போதும் பேசவில்லையானால் மற்றொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே பேசினால் நோய் உங்கள் கணினியில்; அங்கும் பேசாவிடில் நோய் ஏற்பியில். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். மின்கலத்தையும் துளையையும் ஒருசேர மாற்றிவிட்டு, எதனால் சரியாயிற்று என்று கேட்டால் யார் விடை சொல்வது?

முற்றிலும் நின்றுபோகாமல், எழுத்துகள் விட்டுவிட்டு விழுவதும் சுட்டி தத்தித் தத்திச் செல்வதும் வேறு வகை. யூ.எஸ்.பி. 3.0 கருவிகள் வேலை செய்யும்போது இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலை எழுப்புகின்றன என்று 2012-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. வெளித் தட்டில் படங்களைப் படியெடுக்கும் நேரத்தில் மட்டும் சுட்டி தத்தினால் காரணம் இதுவாக இருக்கக்கூடும். ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியை வாங்கி, ஏற்பியை அத்தட்டிலிருந்து விலக்கி, விசைப்பலகையின் கண்ணில் படும்படி மேசை மேல் வையுங்கள். கம்பியில்லாக் கருவிக்குக் கம்பி வாங்குவதா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் வாங்குங்கள்.

ஓய்வு பெற்ற பின் ஒரு பள்ளியின் கணினிக் கூடத்திற்கு என்னை அழைத்திருந்தார்கள். ஆறு கணினிகள், ஆறுக்கும் ஒரே மாதிரியான கம்பியில்லா இணைகள். மூன்றாம் இருக்கைச் சிறுவன் தட்டிய எழுத்துகள் ஐந்தாம் திரையில் விழுந்தன. ஐந்தாம் இருக்கைச் சிறுமி அவை தன்னுடையன அல்லவென்று அழித்துக்கொண்டிருந்தாள். வைரஸ் புகுந்துவிட்டது என்று முடிவு கட்டி, ஆறு புதிய இணைகள் வாங்க விண்ணப்பமும் எழுதியாயிற்று. நடந்தது இதுதான்: ஆயுத பூசைக்குத் துடைத்தபோது ஏற்பிகளை எல்லாம் கழற்றி ஒரு தட்டில் வைத்து, கைக்கு வந்தபடி திரும்பச் செருகியிருந்தார்கள். ஒவ்வோர் ஏற்பியும் தொழிற்சாலையிலேயே தன் இணையோடு பிணைக்கப்பட்டது. தோற்றத்தில் ஒன்றாயினும் அடுத்ததன் பேச்சைக் கேளாது. ஓர் ஏற்பியை மட்டும் ஒரு கணினியில் செருகி, ஆறு விசைப்பலகைகளையும் மாணவர்களே தட்டிப் பார்த்து, எதன் எழுத்து விழுகிறது என்று குறித்தார்கள். இவ்வாறே ஒவ்வொன்றுக்கும். அரை மணியில் வேலை முடிந்தது. ஒரு மாணவி நகச்சாயம் கொண்டுவந்து எல்லாவற்றிற்கும் எண் இட்டாள். விண்ணப்பம் கிழிக்கப்பட்டது.

புளூடூத் வகையில் பெரும்பாலும் தனி ஏற்பி வேண்டுவதில்லை. பல கணினிகளுக்குள்ளேயே அது இருக்கும். இங்கே பழைய பிணைப்பை அமைப்புகளில் நீக்கிவிட்டு, கருவியின் இணைப்புப் பொத்தானை விளக்கு சிமிட்டும் வரை அழுத்தி, புதிதாகப் பிணைப்பது நல்ல மருந்து. அவ்வேளையில் திரையில் சில இலக்கங்கள் தோன்றினால் அவற்றை அந்த விசைப்பலகையிலேயே தட்டி என்டரை அழுத்த வேண்டும். பலர் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே விசைப்பலகையை முன்பு கைப்பேசியோடு பிணைத்திருந்தால், அது இன்னும் கைப்பேசியிடமே பேசிக்கொண்டிருக்கவும் கூடும்.

கோடை விடுமுறைக்குக் கூடத்தைப் பூட்டுமுன் மின்கலங்களைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து, தகடுகளில் வெண்படலம் பூத்து, நல்ல கருவியைக் கெடுத்துவிடும். ஏற்பியை வைக்கப் பல சுட்டிகளின் வயிற்றில் ஒரு சிறு குழி உண்டு. கழற்றினால் அதற்குள் வையுங்கள்.